பெட்டிக்கு அடியில் ரெண்டு முழம்

காலையில் வைத்த டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. மாமியார் அதைத் தொடவில்லை. தொடமாட்டார் என்று மருமகளுக்கும் தெரியும், ஆனாலும் வைத்தாள். வைக்காவிட்டால் அதற்கு ஒரு பேச்சு, வைத்தால் இதற்கு ஒரு பேச்சு. எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று பார்த்துப் பார்த்தே இருபத்தாறு வருஷத்தை ஓட்டியாயிற்று.

"எனக்கு எதுக்கு இந்த வீட்டு டீ... மத்தியானம் எம்பொண்ணு வீட்ல குடிச்சுக்கறேன்." கட்டிலில் உட்கார்ந்தபடி மாமியார் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

மருமகளிடம் அவர் நேராகப் பேசி ஏழு வருஷம் ஆகிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் விசிறியிடமோ சுவரிடமோ சொல்வார். மருந்து வேண்டுமென்றால், "மருந்து தர இந்த வீட்ல ஆள் இருக்கா இல்லையா" என்று ஜன்னலிடம் கேட்பார். மருமகள் வந்து கொடுப்பாள். ஜன்னலா கொடுக்கும்?

இன்று அவர் மகள் வீட்டுக்கே போகிறார். விருந்தாளியாக இல்லை, ஒரேயடியாக. நடு அறை மூலையில் நிற்கும் இரும்புப் பெட்டியும் அவரோடு போகிறது. "எம்புருஷன் மனசை ஒடச்சவ கையால எனக்குக் கடைசித் தண்ணி வேண்டாம்" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. இருபத்தாறு வருஷம் இந்த வீட்டுக்கு உழைத்ததற்கு, வாசலில் வண்டி வந்து நின்று ஊரே பார்க்க மாமியார் ஏறிப் போகப்போகிறார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எட்டு மணிக்குப் பாப்பா வந்தாள். பாப்பா என்றால் நாத்தனார். வயது நாற்பத்து நாலு, கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். ஆனாலும் இந்த வீட்டுக்கு அவள் பாப்பாதான்.

"அண்ணி, அம்மாவோட மாத்திரையெல்லாம் எடுத்து வச்சாச்சா?"

"அந்தப் பையில இருக்கு பாப்பா. வெள்ளைப் பொட்டலம் காலைல, மஞ்சள் சாயங்காலம். தைலம் அடியில இருக்கு. இடது முழங்கால்ல மட்டும் தேய்ச்சா போதும். வலதுல தேய்ச்சா எரியுதும்பாங்க."

"எனக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது அண்ணி..."

"எழுதி உள்ள வச்சிருக்கேன்."

பாப்பா ஒரு நிமிஷம் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மருமகளின் கணவர் லேத் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்று நின்று, கதவு மூலையில் சாத்தி வைத்த குடை மாதிரி ஆகிப்போன மனிதர். மழை வந்தால்கூட அவரை யாரும் எடுப்பதில்லை.

"பாத்து எடுக்கச் சொல்லுடா," என்றார் மாமியார் மகனிடம். "எம்புருஷன் போட்ட தரை. இன்னொரு கீறல் விழுந்துச்சுன்னா நான் உசிரோட இருக்கமாட்டேன். ஒரு கீறலுக்கே ஒரு உசிரு போயிருச்சு."

மருமகள் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அந்தத் தரையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. மாமனார் தரை போடுகிறவர். ஊரில் அவருக்குப் பெயரே தரைக்காரர்தான். எத்தனையோ பெரிய வீடுகளுக்குத் தரை போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியில் தன் வீட்டுக்கும் போட்டார். சிவப்பு சிமெண்ட் தரை. கல்லால் தேய்த்து, மெழுகு பூசி, மறுபடி தேய்த்து... ஜன்னல் கம்பி அதில் தெரியும். இந்த வீட்டில் நாற்காலியை யாரும் இழுத்ததில்லை, தூக்கித்தான் வைப்பார்கள். கட்டில் கால், மேஜை கால் எல்லாவற்றுக்கும் துணியில் உறை தைத்து மாட்டியிருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் சிரித்திருக்கிறாள், "நமக்குச் செருப்பு இருக்கோ இல்லையோ, நாற்காலிக்கு இருக்கு" என்று.

அந்தத் தரையில்தான், பெட்டியின் மூலையிலிருந்து ஒரு கை நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீறல். அது மருமகள் போட்டது. ஏழு வருஷமாக எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும்.

ஒன்பது மணிக்குப் பெட்டி நகர்த்துகிறவர் வந்தார். எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பதால் அவர் பெயரே மெதுவா ஆகிவிட்டது. கூட வேலை செய்கிறவள் அவர் மனைவி. தோளில் நாலைந்து இரும்புக் குழாய், கையில் பழைய போர்வைகள். பின்னாலேயே ஒட்டுப்பலகைகள், கடப்பாரை, மரத்தூள் போட்டு மூடிய ஐஸ் பெட்டி ஒன்று.

"ஐஸ் எதுக்குங்க?" என்றாள் பாப்பா.

"உங்க வீட்ல புதுத் தரையாமே. இறக்கறப்போ தேவைப்படும்."

"இவர் குடிக்கறதுக்குன்னு நெனச்சுக்காதீங்க," என்றாள் மனைவி. "குடிச்சா வேலை இன்னும் மெதுவாயிடும்."

பெட்டியை முதலில் காலி செய்தார்கள். உள்தட்டுகளையும் இழுப்பறைகளையும் கழற்றி வெளியே வைத்தார்கள். கதவைச் சாத்தி, கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார் மெதுவா. "பாதி வழியில கதவு திறந்துச்சுன்னா பெட்டி முகம் குப்புற விழும். முந்நூத்தம்பது கிலோ. மெதுவா..."

பிறகு மருமகளைப் பார்த்தார். "தங்கச்சி, தரையை ஒரு தடவை ஈரத்துணியால துடைச்சிருங்க. கீறுறது பெட்டி இல்ல, மணல். பலகைக்கு அடியில ஒரு பொடி மண் மாட்டினா போதும்."

"ரெண்டு தடவை துடைச்சுட்டேண்ணே. இன்னொரு தடவை துடைக்கறேன்."

அவள் துடைத்துக்கொண்டே போய்க் கீறலுக்குப் பக்கத்தில் வந்தாள். மெதுவாவும் போர்வையை விரிக்க அங்கேதான் வந்து குந்தினார். விரித்த போர்வையை மறுபடி சுருட்டினார்.

"இது எப்படி ஆச்சு?"

மாமியார் விசிறியிடம் சொன்னார்: "கேக்கறாங்கல்ல, சொல்லேன் பாப்பா. வீட்டுக்கு வந்த மகராசி பண்ண வேலைன்னு."

"பெருக்கறதுக்குப் பெட்டியை நகர்த்தினேண்ணே," என்றாள் மருமகள் தணிந்த குரலில். "ஏழு வருஷம் ஆச்சு. நீங்க வேலையைப் பாருங்க."

சொல்லும்போதே அவளுக்கு அந்த நாள் கண்முன் வந்தது. மாமனாருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்த வருஷம் அது. மகனைப் பார்த்து "தம்பி யாரு" என்று கேட்பார். மறுநிமிஷம் நாற்பது வருஷத்துக்கு முன் போட்ட தரைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று சரியாகச் சொல்வார். மாமியார் அப்போது நாலு நாள் பாப்பா வீட்டுக்குப் போயிருந்தார். கணவர் பட்டறையில். தையல் கடையில் பொத்தான் கட்டும் வேலைக்குப் போயிருந்த மருமகள் மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்பினாள். நடு அறையில் ஈரச் சாக்கு. பெட்டி தன் இடத்தில்தான் இருந்தது, ஆனால் தரையில் இந்தக் கீறல். பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். முழங்கால் நனைந்து, கையில் கடப்பாரையோடு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"எந்தக் கை பண்ணுச்சு இதை?" என்று அவளைக் கேட்டார். "எந்தக் கைன்னு சொல்லு. அந்தக் கையை ஒடிச்சுப் போடணும்..."

செய்தது தான்தான் என்பது அதற்குள் அவருக்கு மறந்துபோயிருந்தது. அவள் அவர் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதரிடம் போய், உங்கள் தரையை நீங்களே பாழாக்கினீர்கள் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு மறந்துவிடுவார்தான். ஆனால் இன்றைக்கு, இந்த ஒரு மணி நேரம்... தாங்கமாட்டார்.

"நான்தான் மாமா," என்றாள். "பெருக்கறதுக்கு நகர்த்தினேன்."

எல்லாவற்றையும் மறந்த மனிதர் இதை மட்டும் மறக்கவில்லை. அதுதான் அவள் தலையெழுத்து. அதன்பிறகு உயிரோடு இருந்த ஐந்து மாதமும் அவள் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. மாமியார்தான் ஊட்டினார்.

"இந்தத் தங்கச்சியா நகர்த்துச்சு?" மெதுவா இன்னும் குந்தியே இருந்தார். விரலால் தரையைத் தடவினார். "தனியாவா?"

"ஆமாங்க," என்றார் கணவர்.

"அப்படியா... இங்க பாருங்க. ஒரு சாணுக்கு ஒண்ணா லேசா ஒரு பிறை தெரியுதா? பெட்டியை இழுக்கல. மூலை மாத்தி மூலை நடக்க விட்டிருக்காங்க. கடப்பாரை தரையில படவே இல்ல, கீழ பலகை குடுத்திருக்காங்க. எனக்கே இந்தப் பக்குவம் வர பத்து வருஷம் ஆச்சு. கடைசில சாக்கு நழுவியிருக்கு, அதான் கீறல்."

"அண்ணே, நேரமாகுது..."

"இருங்க தங்கச்சி, மெதுவா. இந்தப் பக்கம் நின்னு அழுத்தியிருக்காங்க." எழுந்து நின்று பாவனை செய்து பார்த்தார். "வலது கைக்காரன் இங்க நின்னா சுவர் இடிக்கும். நீங்க இடது கையா?"

"ஆமாண்ணே," என்றாள் மருமகள் சட்டென்று.

துடைக்கும் துணி அவள் வலது கையில் இருந்தது.

மெதுவாவின் மனைவி களுக்கென்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. கணவர் தன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்பம்மா இடது கை ஆன?"

அந்த வீட்டில் இடது கைக்காரர் ஒருவர்தான் இருந்தார். அது எல்லோருக்கும் தெரியும். கடப்பாரையைத் தூக்கவே முடியாத ஒரு பெண் முந்நூற்றைம்பது கிலோவை எப்படி நகர்த்தினாள் என்று ஏழு வருஷமாக இந்த வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டால் கேள்வி எதற்கு?

"வேலையைப் பாருங்கய்யா," என்றார் மாமியார்.

போர்வை விரித்து, அதன்மேல் பலகை போட்டார்கள். சின்னப் பலகை ஒன்றின்மேல் கடப்பாரையைத் தாங்க வைத்து மெதுவா அழுத்த, பெட்டி ஒரு விரல் கனம் எழும்பியது. மனைவி ஆப்பைச் செருகினாள். மறுபடி அழுத்த, மறுபடி ஆப்பு. குழாய் நுழையும் அளவு எழும்பியதும் மூன்று குழாய்களை உள்ளே தள்ளினாள். பிறகு உள்ளங்கையால் தள்ளினாலே பெட்டி உருண்டது. பின்னால் வெளியே வரும் குழாயை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே அவள் பின்வாங்க, அவர் தள்ள, பெட்டி மூலையை விட்டு வெளியே வந்தது.

"கையை எடு, கையை எடு."

"எம்மேல அக்கறையா, குழாய் மேல அக்கறையா?"

"குழாய் என்ன விலை தெரியுமா."

பெட்டி அறையின் நடுவைத் தாண்டி ஜன்னலோரம் போய் நின்றது. அப்போதுதான் பாப்பா சொன்னாள், "அம்மா... இங்க பாரேன்."

பெட்டி நின்ற இடத்தில் தரை இரண்டு விதமாக இருந்தது. பாதி, மங்கிய சாம்பல் கலந்த சிவப்பு. தேய்க்கவே தேய்க்காத சிமெண்ட், சொரசொரவென்று. மீதிப் பாதி பளபளத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒழுங்கான கோடு இல்லை. தேய்த்துக்கொண்டே வந்த கை ஒன்று, அசந்துபோய் நின்றுவிட்ட இடம் போல இருந்தது.

மாமியார் கட்டிலை விட்டு எழுந்தார். பாப்பா பிடிக்கப் போனதைத் தட்டிவிட்டுத் தானே நடந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பளபளத்த பாதியைத் தொட்டார். தேய்ப்புக்கல் போன வழி, பிறை பிறையாக வலமிருந்து இடமாகத் திரும்பியிருந்தது.

"இது அவர் கை," என்றார். "ஊரெல்லாம் இப்படிச் சுத்தும், அவர் மட்டும் அப்படிச் சுத்துவாரு..."

கல் போன வழியிலேயே விரலை ஓட்டினார்.

"பாப்பா பொறந்த அன்னிக்குத்தான் இந்த மூலையைப் பூசினாரு. எனக்கு வலி வந்துருச்சு. பெட்டி வாசல்ல கெடந்துச்சு, திருட்டு பயம். தேய்க்காத தரை மேலயே நாலு பேரை வச்சு பெட்டியைத் தூக்கி வச்சுட்டு என்னைக் கூட்டிட்டு ஓடினாரு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் சொல்வாரு, ஊருக்கெல்லாம் முடிச்சுக் குடுத்தேன், என் வீட்ல ரெண்டு முழம் முடிக்கலேன்னு. பெட்டிக்கு அடியில எவன்யா பாக்கப் போறான்னு நான் சிரிப்பேன்..."

அவர் முடிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு விம்மல் கேட்டது. இருபத்தாறு வருஷத்தில் இந்த வீட்டில் யார் முன்னாலும் அழாத மருமகள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"புத்தி தப்பிப் பண்ணிட்டாருன்னு நெனச்சேன் அத்தை... ஏழு வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவர் தெரிஞ்சுதான் பண்ணியிருக்காரு... வேலையை முடிக்கத்தான் நகர்த்தியிருக்காரு... முடியாம பாதியில திருப்பி வச்சிருக்காரு..."

மாமியார் திரும்பினார். விசிறியை, சுவரை, ஜன்னலைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார்.

"நீ எதுக்குடி உம்மேல போட்டுக்கிட்ட?"

"எந்தக் கைன்னு கேட்டாரு அத்தை. கடப்பாரை அவர் கையில இருந்துச்சு. என்னை என்ன சொல்லச் சொல்றீங்க?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றார் கணவர். "நான் யாரு உனக்கு?"

"உங்ககிட்ட சொன்னா உங்கம்மாகிட்ட சொல்வீங்க. அவங்க ஆத்திரத்துல ஒருநாள் மாமாகிட்ட சொல்லிடுவாங்க. அவர் போனதுக்கப்புறம் சொன்னா, செத்த மனுஷன் மேல பழி போடறான்னு வந்திருக்கும்."

சொல்லியிருப்பார்தான். வந்திருக்கும்தான். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அஞ்சு மாசம்..." மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "உன் கையால ஒரு வாய் சாப்பிடாமலே போனாரேடி..."

"சாப்பிட்டாரு அத்தை. வடிச்சது நான்தான். நீங்க ஊட்டினீங்க, அவ்வளவுதான்."

அதற்குமேல் மாமியாரால் முடியவில்லை. பாப்பாவும் அவரோடு சேர்ந்து அழுதாள். மெதுவாவின் மனைவிகூட மூக்கை உறிஞ்சினாள். மெதுவா மட்டும் பெட்டியைப் பிடித்தபடி நின்றார். உருளைமேல் நிற்கும் பெட்டியை விட்டுவிட்டு அழ முடியாதே.

கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பெரியம்மா, பெட்டி வண்டிக்குப் போகுதா, மூலைக்குப் போகுதா?"

"மூலைக்கு வேண்டாம். அந்த இடத்தை இனிமே எதுவும் மூடக் கூடாது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வண்டிக்கும் வேண்டாம். இங்கயே ஜன்னலோரம் வச்சிரு. நான் எங்கயும் போகல."

ஐஸ் பெட்டி திறந்தது. பெட்டியின் நாலு மூலைக்கும் அடியில் கனமான ஐஸ் பாளங்களை வைத்து, ஆப்புகளை உருவி, குழாய்களையும் பலகையையும் போர்வையையும் வெளியே எடுத்தார்கள். "இனி அதுபாட்டுக்கு உருகும். பெட்டி இருக்கிற இடம் தெரியாம தரையில உக்காந்துரும். அடிச்சு இறக்கினா தரை பொளந்துரும். இந்தத் தண்ணியை மட்டும் அப்பப்ப எடுத்துடணும்."

எடுக்க மருமகள்தான் போய் உட்கார்ந்தாள். துணியை நனைத்துப் பிழிந்தாள், மறுபடி நனைத்தாள். பாப்பா வந்து இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "விடு பாப்பா, சேலை நனையும்" என்றதற்கு, "நனையட்டும் அண்ணி" என்றாள்.

மாமியார் நாற்காலியைத் தூக்கி வரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டி நூலளவு நூலளவாக இறங்கியது.

"எனக்கு மன்னிப்பெல்லாம் கேக்கத் தெரியாதுடி," என்றார். "என்னை யாரும் கேக்க வச்சதில்ல."

"வேண்டாம் அத்தை."

"சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டேன்ல, அதே மாதிரி எல்லாருக்கும் போட்டுச் சொல்றேன். இன்னிக்கே. எம்மருமக அப்படிப்பட்டவ இல்லைன்னு."

மருமகள் துணியைப் பிழிந்தாள். பெட்டி தரையைத் தொட்டு, கடைசித் தண்ணீரும் வற்றி, மெதுவா தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து "ஒரு பொட்டுக் கீறல் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அத்தை, நீங்க பாப்பா வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

பாப்பா திகைத்துப் போனாள். கணவர் பதறினார். "ஏம்மா, அவங்கதான் இருக்கேன்னு..."

"கோவமாடி?" என்றார் மாமியார்.

"கோவமில்ல அத்தை. அசதி." முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். "ஏழு வருஷமா காலைல கண்ணு முழிக்கறப்பவே, இன்னிக்கு என்ன பேச்சு வருமோன்னுதான் முழிக்கறேன். நீங்க நல்லாப் பேசினாலும் இப்போ எனக்கு அதைக் கேக்கக்கூட தெம்பில்ல. ஒரு பத்து நாள்... சும்மா படுக்கணும். போயிட்டு பத்து நாள் கழிச்சு வாங்க. நானே வந்து கூட்டிட்டு வர்றேன்."

தனக்கென்று அவள் இந்த வீட்டில் கேட்ட முதல் பொருள் அது. மாமியாருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் ஒடுங்கிப் போயிற்று. குனிந்து, தண்ணீரில் விறைத்துச் சுருங்கிப்போன மருமகளின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"உன்னைத் தூங்கக்கூட விடலயேடி நானு... பாவி..." என்று மருமகளின் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏழு வருஷத்து அழுகை. இருவரும் அழுது முடிக்கும்வரை வாசலில் வண்டிக்காரர் காத்திருந்தார்.

வண்டியில் ஏறும்போது பாப்பாவிடம் மாமியார் சொல்வது தெருவுக்கே கேட்டது. "மாத்திரைச் சீட்டை எடுத்துக்கிட்டியா? எம்மருமக எழுதி வச்சிருக்கா. அதும்படி குடுக்கணும். உம்மனசுக்குக் குடுக்காத." எதிர் வீட்டு ஜன்னலில் தலை தெரிந்ததும் இன்னும் உரக்கச் சொன்னார். "பத்தே நாள்தான் போறேன். எனக்கு என் வீட்டுல என் மருமக இருக்கா."

வண்டி போனதும் கணவர் உள்ளே வந்தார். "நீ படு. இன்னிக்கு நான் சமைக்கறேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"வெந்நீர் வைக்கத் தெரியும். மத்தது எங்க இருக்குன்னு தேடிப் பாக்கறேன்."

அவள் சிரித்தாள். நடு அறைக்குப் போய், காலியான மூலைக்குப் பக்கத்தில் பாய்கூடப் போடாமல் படுத்தாள். தரை குளுகுளுவென்றிருந்தது. ஜன்னல் வழியாக நடுப்பகல் வெயில் அந்த இரண்டு முழத்தின்மேல் விழுந்து, பாதி மின்னியது, பாதி மின்னவில்லை.

சமையலறையில் ஏதோ டப்பா விழுந்து உருண்டது. "உப்பு எங்கம்மா..." என்று கேட்டபடி கணவர் எட்டிப் பார்த்தார். கேள்வியைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, தானே தேடப் போனார்.